கதவக்கா போட்ட பட்டியல்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் கதவக்காதான். பள்ளியில் ஒன்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்து நான்கு வயதில் வீடியோ கேம் செய்ய வந்தவர். வந்ததும் அவர் தலையில் கட்டியது கதவுகளை. விளையாட்டில் ஒரு கதவு ஒழுங்காகத் திறப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆடும் உருவத்தின் கை கதவுப் பிடியில் படவேண்டும், தோள் சுவருக்குள் போய்விடக் கூடாது. எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டியதில் வந்த பெயர் அது. பக்கத்து மேசை என்னுடையது. விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை.

அடுத்து வெள்ளத்தில் மூழ்கிய ஊரைப் பற்றி ஒரு கேம் செய்தோம். அதில் படகுக் கட்டம் முழுக்க அக்காவின் கற்பனை. படகு ஒரு பள்ளிக்கூடத்தைக் கடக்கும். ஜன்னல் வழியே பெஞ்சுகள் மிதப்பது தெரியும். அதைப் பார்த்து அழுததாகப் பலர் எழுதினார்கள். முதலாளி பேட்டியில், குளிக்கும்போது தனக்குத் தோன்றிய காட்சி என்றார்.

"குளிக்கும்போதாம்!" என்று அக்கா சிரித்தார். "பெஞ்சு மிதக்கட்டும்னு நான் கேட்டப்ப, அதையெல்லாம் யாரு பாக்கப்போறான்னு சொன்ன மனுஷன்."

அதோடு விட்டுவிட்டார். கேம் வெளியான இரண்டாவது வாரம் இடி விழுந்தது. படகுக் கட்டத்தில் பாதியில் நிறுத்தியவர்களுக்கு, அதுவரை ஆடிச் சேமித்ததெல்லாம் அழிந்துபோனது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். 'படகுக் கட்டத்தை வடிவமைத்தவரின் கவனக்குறைவு' என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அது யாரென்று ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. வசவுகள் குவிந்தன.

"ஃபோனைக் குடு. இதைப் படிச்சா சாப்பாடு இறங்காது," என்றாராம் அக்காவின் கணவர்.

"ஒண்ணு விடாம படிச்சுட்டேன். நல்லாவே இறங்குச்சு."

உண்மை எனக்குத் தெரியும். சேமிக்கும் பகுதியில் இருந்த அந்தப் பிழையை நான் முன்பே பதிவு செய்திருந்தேன். பக்கத்தில் முதலாளி எழுதியது: 'அப்புறம் பாத்துக்கலாம்.' வெளியீட்டை மூன்று வாரம் முன்னால் இழுத்ததும் அவர்தான்.

முதலாளி எல்லோரையும் கூட்டி, ஒரு மன்னிப்புக் கடிதத்தை அக்காவின் முன் வைத்தார்.

"ஒரு கையெழுத்துதாம்மா. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"பெஞ்சு மிதந்தப்ப என் பேரு எங்க சார் போச்சு?"

"அது குழுவோட உழைப்பு. தனி ஆள் பேரெல்லாம் சொல்ல முடியுமா?"

"பாராட்டு வந்தா நீங்க, திட்டு வந்தா நான். இந்தக் குழு எப்பதான் சார் வேலை செய்யுது?"

யாரோ இருமினார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை.

அன்று மாலையே, கேமில் யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்று பட்டியல் எழுத உட்கார்ந்தார். முதலாளியைத் தவிர ஒவ்வொருவரிடமும் கேட்டுத்தான் பெயரைச் சேர்த்தார். சேமிக்கும் பகுதியை எழுதியவர் தயங்கவே இல்லை. "போடுங்கக்கா. நான்தான் எழுதினேன். சரிபண்ண நேரம் கேட்டேன்னும் சேர்த்துப் போடுங்க." எனக்கு வீரமெல்லாம் இல்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. என் பிழைப் பதிவைத் தேதியோடு அனுப்பிவைத்தேன்.

ஆட்டக்காரர்கள் பேசும் தளத்தில் பட்டியல் வந்தது. நாற்பத்தொரு பேர். தண்ணீரை வரைந்தவர், குளியலறை வாளியில் துடுப்புச் சத்தம் பதிவு செய்தவர், வெளியீட்டுக்கு முன்பே விலகியதால் கேமிலிருந்து பெயர் நீக்கப்பட்ட இருவர் என ஒருவரும் விடுபடவில்லை. முதலாளி எழுதிய அந்த வரியும் அவர் பெயருக்கு நேராக இருந்தது. தன்னைப் பற்றி அக்கா எழுதியது: 'படகுக் கட்டம் என்னுடையது. அதில் தபால் நிலையக் கதவு சாவி இருந்தும் திறக்காது. அது என் தப்பு. அதற்கு என்னைத் திட்டுங்கள்.'

மறுநாள் காலை அக்காவுக்கு வேலை போனது. என்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். வசவு உடனே நிற்கவில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் கேட்கவேண்டியவரைக் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் கழித்து நாற்பத்தொரு பெயரும் கேமின் முடிவில் ஓடும் பெயர் வரிசையில் ஏறின. நான் சந்தோஷமாக அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"பேரு ஓடுற வேகத்தப் பாத்தியா? நாய் துரத்துற மாதிரி ஓடுது. மெதுவா விடச் சொல்லி அவங்களுக்கு எழுதியிருக்கேன்."

இப்போது ஐந்து பேர் உள்ள சின்ன நிறுவனம் ஒன்றில் இருக்கிறார். யார் எதைச் செய்தாலும் அன்றே பெயரோடு எழுதிவைப்பது என்று பேசிக்கொண்டுதான் சேர்ந்தார். பழைய நிறுவனம் அந்த அறிக்கையை இன்னும் திரும்பப் பெறவில்லை. அதைக் கேட்டு அக்கா மாதம் ஒன்று என இதுவரை ஏழு கடிதம் போட்டுவிட்டார். எட்டாவதை என்னிடம் படிக்கக் கொடுத்தார்.

"கோபத்தைக் கொஞ்சம் குறைக்கலாமாக்கா?"

"எழுத்துப்பிழை இருந்தா மட்டும் சொல்லு," என்றார்.