ஷாபோவின் பசுவுக்குத் தண்ணீர்

என் கணவர் ஹுர்மிஸ் அதிகம் ஜெபிக்கிற ஆள் இல்லை. கோயிலில் பின்னால் நிற்பார். பிரசங்கம் நீண்டால் வெளியே போய்க் கட்டிக் கிடக்கும் கழுதைகளுக்குச் சொறிந்துவிடுவார். ஆனால் நினிவே நோன்பின் மூன்று நாளும் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

நினிவே அழியப்போகிறது என்று சொல்லவந்த தீர்க்கதரிசி யோனாவின் பேச்சைக் கேட்டு, கடவுள் இரங்கவேண்டிப் பட்டினி கிடந்தவர்கள் எங்கள் முன்னோர். அன்று ராஜாவோடு ஆடுமாடும் பட்டினி கிடந்ததால், எங்கள் ஊரில் நோன்பின் முதல் காலை மட்டும் தொழுவத்துக்குத் தீனி போகாது. மதியம் போட்டுவிடுவோம். வழக்கம் அவ்வளவுதான்.

ஈரானோடு சண்டை நடந்தபோது என் தம்பி யல்தா எல்லையில் இருந்தான். சேதியே இல்லை. அவன் உயிரோடு திரும்ப வேண்டும் என்று நேர்ந்துகொண்டு ஹுர்மிஸ் நோன்பில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஷாபோவின் ஒரே மகனும் எல்லையில்தான் இருந்தான். பயத்தில் ஷாபோ வழக்கத்தை மிஞ்சிவிட்டார். கன்று போட்ட பசுவை மூன்று நாளும் தண்ணீர் காட்டாமல் கட்டிவைத்தார்.

மூன்றாம் நாள் மதியம் அது கத்துவதை நிறுத்தியது. ஹுர்மிஸ் வாளியை எடுத்தார். நானும் பின்னால் போனேன்.

ஷாபோ தொழுவ வாசலை மறித்து நின்றார். "கிட்ட வராதடா. சாயங்காலம் வரைக்கும்தான். இது வாய வெச்சா என் பையன் போயிடுவான்."

"அண்ணே, யோனா கதைய முழுசா கேட்டீங்களா, பாதியில தூங்கிட்டீங்களா? கடைசியில கடவுளே இந்த ஊரு ஆடுமாட்ட நெனச்சுத்தானே எரங்குறாரு?"

"பிரசங்கத்துக்கு நிக்காதவன் எனக்குப் பிரசங்கம் பண்றான். அவ்ளோ நிச்சயம்னா நீ மொதல்ல குடி. மச்சானுக்கு நேர்ந்தத ஒட. பாவம் உன் வீட்டுக்கு வரட்டும். அப்புறம் மாட்ட விடறேன்."

ஹுர்மிஸ் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் வாளியைத் தூக்கி இரண்டு மடக்கு குடித்தார். ஷாபோ வாசலை விட்டு விலகினார்.

பசு எழுந்துகொள்ள வெகுநேரம் ஆயிற்று.

வசந்தத்தில் யல்தாவின் உடல் வந்தது. அடுத்த வருஷம் ஷாபோவின் மகன் தாடியோடு நடந்தே வந்தான். ஊர் பேசியது. நானும் ஹுர்மிஸோடு தேவைக்கு மேல் பேசாமல் இருந்தேன். ஒருநாள் ரொட்டி சுடும்போது கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு நீங்க குடிக்காம இருந்திருந்தா?"

"தெரியலடி. அந்த மாட்டோட நாக்கு கறுத்துக் கெடந்துச்சு. அத நான் பாத்துட்டேன்."

மன்னிப்பு அவர் கேட்கவில்லை. நான் எப்போது மன்னித்தேன் என்று எனக்கும் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு நோன்பிலும் அவர் வறண்ட வாயோடு எங்கள் சந்தின் தொழுவங்களுக்கெல்லாம் தண்ணீர் சுமந்தார். ஷாபோ தன் கையால் ஊற்றமாட்டார். மகன் விஷயத்தில் அந்தப் பயம் அவரை விடவேயில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் தொழுவத்தைத் தாழ் போடாமல் வைத்தார்.

ஹுர்மிஸ் கண்மூடியது போன இலையுதிர் காலத்தில். நேற்று நோன்பு தொடங்கியது. வாளியோடு நான் போனேன். ஷாபோ இப்போது கோலூன்றி நடக்கிறார். சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தொழுவத்துக் கதவு தாழ் போடாமல் இருந்தது.