ஷாங்காய்க்குக் கொண்டுபோன சூட்கேஸ்

அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணாடிக்கு அப்பால், வெகு கீழே, ஷாங்காய் நகரம். நடுவில் மண்ணிறத்தில் வளைந்து போகிற ஆறு, இரண்டு கரையிலும் எண்ணி முடியாத கட்டடங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்கள் தையல் ஆலையின் மேற்பார்வையாளர் அக்கா, மெரூன் சேலைக்கு மேலே குளிர்க்கோட்டுப் போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி. அவருக்குப் பக்கத்தில் நான், பல்லெல்லாம் தெரிய. அந்தப் படம் எடுப்பதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னர் நான் என்ன கேட்டுக்கொண்டு நின்றேன் என்பது எனக்குத் தெரியும். கேட்ட பிறகும் கமராவைக் கண்டவுடன் சிரித்திருக்கிறேன். இந்த வாயை என்ன செய்தால் தகும் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கனடாவில், மொன்றியலில் குளிர்க்கோட்டுத் தைக்கிற ஆலை அது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் நாற்பது பெண்கள் அங்கே வேலை செய்தோம். பாதிப் பேர் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்து ஒரே பஸ்ஸில் போகிற எங்கட ஆட்கள். அக்கா யாழ்ப்பாணம், எனக்குப் பத்து வயது மூத்தவர், அந்த ஆலையில் பன்னிரண்டு வருடம். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தே எந்தக் கோட்டின் கை ஒரு நூல் கோணலாக ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஏசுவார், ஆனால் முதலாளிக்கு முன்னால் ஒருத்தியையும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஹீட்டர் வேலை செய்யாத ஒரு தை மாதத்தில், "கை விறைச்சா ஊசி விரலுக்குள்ளதான் போகும், நீங்க வந்து தையுங்கோ" என்று அவருடைய உடைந்த பிரெஞ்சில் முதலாளியிடம் சொல்லி, அன்று பின்னேரமே ஹீட்டர் வாங்க வைத்தவர். நல்ல மனிசி. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதை மறுக்கவில்லை. நல்ல மனிசியாக இருந்தபடியால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரம் முதலாளி எங்கள் மேசைக்கு வந்தார். அக்காவின் நீண்டகால உழைப்புக்கு நன்றியாக அவரைப் பத்து நாள் ஷாங்காய் பார்க்க அனுப்பப் போவதாகச் சொன்னார். அங்கே தனக்குத் தெரிந்த ஓர் ஆலைக்காரர் இருக்கிறாராம், ஊரைச் சுற்றிக் காட்டுவாராம். அக்காவுக்கு ஆங்கிலம் வராது என்பதால் நானும் கூடப் போக வேண்டும். நாற்பது பேரும் கை தட்டினோம். எங்களில் முக்கால்வாசிப் பேர் அகதியாக வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு விமானம் ஏறாதவர்கள். ஊர் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போகிறவரை அன்றுதான் நேரில் கண்டோம்.

போவதற்கு முன்னர் ஒரு சின்ன உதவி செய்ய வேண்டும் என்றார் முதலாளி. புதிதாக வரப்போகிற முக்கால்நீளக் கோட்டை, வெட்டின துணியில் இருந்து கடைசிப் பொத்தான் வரை, ஒவ்வொரு படியாகத் தைத்துத் துண்டு துண்டாக ஒரு சூட்கேஸில் அடுக்கித் தரச் சொன்னார். அங்கே இருக்கிற சிநேகிதருக்குக் காட்டவாம். வேறு யாராவது என்றால் ஏன், எதற்கு என்று கேட்டிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்கட ஆட்களில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடைய பார்சல்தான். கொழும்புக்குப் போகிறவர் கையில் மாமிக்கு மருந்து, மச்சானுக்குச் சப்பாத்து, தெரியாத ஒருவருக்கு மூடி ஒட்டின கடித உறை. உள்ளே என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு. கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் வேலை. அதே மாதிரித்தான் அந்தச் சூட்கேஸையும் நினைத்தோம்.

எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்த என் சிநேகிதி மன்னாரைச் சேர்ந்தவள். கோட்டுத் தொப்பி தைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. தொப்பியின் வளைவில் துணி இழுபடாமல் இருக்க அவள் ஒரு உபாயம் வைத்திருந்தாள். அதை ஆறு துண்டாகத் தைத்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, சூட்கேஸில் தன் கையாலே அடுக்கினாள். மேலே ஒரு பை மில்க் ரொபியும் வைத்தாள். "அங்க தைக்கிற பிள்ளையளுக்குக் குடு. எங்கட கையால செய்தது எண்டு சொல்லு." எங்கள் தலையில் போட எங்கள் கையாலேயே மண் அள்ளிக் கட்டிக் கொடுத்தோம், மேலே இனிப்பும் வைத்து.

ஊர் பார்த்தோம், பொய் சொல்லக் கூடாது. விமான நிலையத்தில் இருந்து தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து ஓடுகிற ரயிலில் ஏற்றினார்கள். பெட்டிக்குள்ளே வேகத்தைக் காட்டுகிற எண் ஏறிக்கொண்டே போக, அக்கா கந்தசஷ்டி கவசத்தை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். ஆற்றின் ஒரு கரையில் பழைய கல்லுக் கட்டடங்கள், மற்றக் கரையில் நேற்று நட்டு இன்று முளைத்த மாதிரிக் கோபுரங்கள், அதில் ஒன்று பெரிய பெரிய உருண்டைகளைக் கோத்து நிறுத்தியது போல. கோபுரங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட பழைய சந்துகளில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் நீட்டி உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். வழிகாட்டியாக வந்த சீனப் பெண் கோபுரத்தின் உயரம் சொல்ல, அக்கா காயப்போட்டிருந்த சட்டையின் தையலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெட்டைத் தையல் போட்டிருக்கிறாங்கள் பிள்ளை, நல்ல வேலை." காலையில் பூங்காவில் வயதான சோடிகள் பாட்டுப் போட்டு நடனமாடினார்கள். விருந்தில் முழு மீனைத் தலையோடு கொண்டுவந்து அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அவர் கைப்பைக்குள் இருந்து ஊறுகாய்ப் போத்தலை எடுத்து வெறுஞ்சோற்றோடு சாப்பிட்டார். வழிகாட்டிப் பெண் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்தேன். அந்த மூன்று நாளும் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான்காம் நாள் ஆலையைச் சும்மா ஒருக்கால் பார்த்துவிட்டு வரலாம் என்றார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு மணித்தியால ஓட்டம். அந்தச் சும்மா ஐந்து நாளாக நீண்டது. காலை எட்டு மணிக்கு வான் வரும். சூட்கேஸை மேசையில் விரித்து வைத்து அக்கா ஒவ்வொரு படியாகச் செய்து காட்டுவார். நான் ஆங்கிலத்தில் சொல்லுவேன், வழிகாட்டிப் பெண் சீனத்தில் சொல்லுவாள். சுற்றி நின்ற பெட்டைகள் இருபது வயது தாண்டாதவர்கள். கோட்டின் தோளில் சுருக்கம் விழாமல் கை பொருத்துகிற வித்தையை அக்கா எனக்குச் சரிவரக் காட்ட இரண்டு வாரம் எடுத்தது. அங்கே ஒரு பிள்ளை கால் மணித்தியாலத்தில் பிடித்துவிட்டாள். மில்க் ரொபியைப் பகிர்ந்து கொடுத்தேன், சிநேகிதி சொன்னபடியே சொல்லி. ஒவ்வொருத்தியும் இரண்டு கையாலும் வாங்கினாள். அந்தப் பிள்ளைகளில் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

ஆலையில் மூன்றாம் நாள், கீழே விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தேன். மேசைக்குக் கீழே ஒரு பெட்டி நிறையக் கோட்டுக்குள்ளே தைக்கிற லேபிள். எங்கள் ஆலையின் லேபிள், அதே எழுத்து. 'சீனாவில் தயாரிக்கப்பட்டது' என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. கீழே அந்த முக்கால்நீளக் கோட்டின் மொடல் நம்பர். நத்தார் பண்டிகைக்குப் பிறகு நீங்கள்தான் தைக்கப் போகிறீர்கள், ஓவர்டைம் நிறைய இருக்கும் என்று முதலாளி எங்களுக்குச் சொன்ன அதே கோட்டு. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவர் ஒரு பிள்ளையின் தோளைத் தொட்டு, "கெட்டிக்காரி" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது, பாவம், ஒன்றும் தெரியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு எப்படிச் சொல்வது என்று அன்று முழுக்கத் தவித்தேன்.

கடைசி நாள் திரும்பவும் ஊர் பார்க்கக் கூட்டிப்போனார்கள். காது அடைக்க அடைக்க லிப்ட் ஏறி, அந்த உயரத்துக் கண்ணாடி மாடியில் விட்டார்கள். வழிகாட்டிப் பெண் நுழைவுச் சீட்டு விஷயமாகத் தள்ளிப் போன நேரம் நான் லேபிளைப் பற்றிச் சொன்னேன். அக்கா திடுக்கிடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு வெளிக்கிட முதலே தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுகொண்டோ காட்டிக் குடுத்தனீங்கள்?"

"நான் காட்டாட்டி முதலாளி வேற ஆளை அனுப்புவான். சாம்பிள் தைக்கிற அறையை மட்டும் வச்சிருப்பானாம், ஆறு பேர். அதில உன்ர பேரையும் நான்தான் குடுத்தனான். இப்ப போய்ச் சொன்னா எல்லாரும் அண்டைக்கே விட்டிட்டுப் போயிடுவினம், கையில இருக்கிற ஓடர் முடியாது, அந்த ஆறும் இல்லாமப் போயிடும். கொழும்பு லொட்ஜில என்ர அம்மாவும் அப்பாவும் இருக்கினம். வேலைக் கடிதம் இல்லாட்டி நான் அவையைக் கனடாவுக்குக் கூப்பிடேலாது. பங்குனி வரைக்கும் வாயைத் திறக்காதை. உன்னைக் கும்பிட்டன்."

அவர் மெய்யாகவே கையைக் கூப்பினார், அத்தனை சுற்றுலாக்காரருக்கும் நடுவில். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மற்ற முப்பத்து நான்கு பேரின் பேரையும் யார் கொடுப்பது என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குள் வழிகாட்டிப் பெண் எங்கள் கமராவோடு ஓடி வந்தாள். கிட்ட நில்லுங்கள் என்றாள். நின்றோம். சிரித்தேன்.

திரும்பி வந்த திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் திருவிழா. கட்லட், ரோல்ஸ் எல்லாம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மருந்துக்கடையில் கழுவி எடுத்த படங்கள் கைக்குக் கை போயின. மிதக்கிற ரயிலைப் பற்றி அக்கா கண் காது மூக்கு வைத்துச் சொன்னார், எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். என் சிநேகிதி மட்டும் என்னை மெஷின் பக்கம் கூட்டிப் போனாள். வயோதிபர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்குப் படிப்பிக்கிற வகுப்பு ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்த இடம். தை மாதம் தொடக்கம், அந்த வெள்ளிக்கிழமைக்குள் வருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். போனால் இந்த வேலையை விட வேண்டும்.

"நீ அங்க ஆலையைப் பாத்தனிதானே. எங்கட வேலைக்கு ஒண்டும் வராதே? ஓவர்டைம் இருக்கு எண்டு சொல்லுறாங்கள். நீ சொல்லு, அதை வச்சுத்தான் நான் முடிவெடுக்கப் போறன்."

மேசையில் இருந்து அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் அந்தக் கண்ணாடி மாடிப் படம் இருந்தது. அதை அவளிடம் நீட்டினேன். "ஒண்டும் வராது. இஞ்ச பார், எவ்வளவு உயரத்தில நிக்கிறம்." அவள் பார்த்தாள். அவளும் சிரித்தாள். "உனக்கு வந்த காலத்தைப் பார்" என்று என் கன்னத்தில் கிள்ளிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை அந்த வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

கையில் இருந்த ஓடர் மாசியில் முடிந்தது. பங்குனி முதல் கிழமை கதவில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். முப்பத்து நான்கு பேர் தங்கள் கதிரைக் குஷனையும் தேத்தண்ணிக் கோப்பையையும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். சாம்பிள் அறையில் நாங்கள் ஆறு பேர் எட்டு மாதம் இருந்தோம். பிறகு அதுவும் ஷாங்காய்க்குப் போய்விட்டது, எங்களிடம் அதைச் சொல்லக்கூட முதலாளி வரவில்லை, மகனை அனுப்பினார். அக்காவின் காகித வேலைகள் முடிந்து தகப்பன் மட்டும் வந்து சேர்ந்தார். தாய் அதற்கு முதலே கொழும்பில் போய்விட்டார். செத்த வீட்டுச் செய்தி கேட்டு அக்கா வீட்டுக்குப் போனேன், பக்கத்தில் இருந்துவிட்டு வந்தேன். முதலாளியை நான் திட்டாத நாளில்லை, ஆனால் அவர் எனக்கு யார்? நாங்கள் நம்பியது அக்காவை. என் பேரை என்னிடம் கேளாமல் கொடுத்து, என்னையும் தன்னோடு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தியவர் அவர். நிறுத்தினால் நிற்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது?

சிநேகிதி அடுத்த வருடம் அந்த வகுப்புக்கு மறுபடி கேட்டபோது புதிதாகப் பிரெஞ்சுப் பரீட்சை ஒன்று எழுதச் சொன்னார்கள். அவளுடைய பிரெஞ்சு பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும், பரீட்சைக்குப் போதாது. ஒரு ஹோட்டலில் விரிப்புத் தோய்க்கிற நிலவறையில் பதினைந்து வருடம் வேலை செய்தாள். ஈரத் துணி தூக்கித் தூக்கி இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. அந்தத் தொப்பி வளைவைத் தைத்த கை. அத்தனை வருடமும் எங்கள் சிநேகிதம் குறையவில்லை. என் பிள்ளையின் பூப்புனித நீராட்டுக்குப் பலகாரம் சுட்டது அவள், அவள் வீட்டுப் பெருநாளுக்கு முதல் ஆளாகப் போவது நான். அவள் அன்பாக இருக்க இருக்க எனக்குள்ளே எரிந்துகொண்டே இருந்தது.

போன மாசியில் அவள் வீட்டுக்குப் போனேன். இரண்டு மணிக்கட்டிலும் பட்டி கட்டியிருந்தாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள், கேத்திலைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்து. அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. லேபிள் பெட்டி, அக்கா கும்பிட்டது, ஆறு பேர், என் பேர், எல்லாம் சொன்னேன். அழுதேன். அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஏசி முடியும்வரை பொறுத்தாள்.

"அவ கிடக்கட்டும். நான் உன்னட்டக் கேக்கேக்குள்ள உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"உனக்குத் தெரியாது எண்டு நினைச்சுத்தான் நான் இவ்வளவு காலமும் உன்னோட கதைச்சனான்."

எழும்பி, நான் பாதி குடித்த கோப்பையை என் கையில் இருந்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.