இடுப்புக்கு மூட்டிய நெருப்பு

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஜனவரி. எங்கள் வீடு நீலகிரி மலையில் கட்டபெட்டுப் பக்கம். அன்றைக்குக் காலையில் கதவைத் திறந்தால் வாசல் புல்லெல்லாம் உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி. பத்து மணிக்காவது வெயில் வரும் என்று பார்த்தேன். எங்கே? மேகம் இறங்கி ஊரையே மூடிக்கொண்டது.

எனக்கு வயது அறுபத்தேழு. முப்பத்திரண்டு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஆளாக இருந்தவன். அரைத்த தேயிலையைச் சூட்டில் உலர்த்துகிற மிஷின் அது. அத்தனை வருஷம் சூட்டிலேயே நின்ற உடம்பு, ரிட்டையர் ஆனதும் குளிரிடம் மாட்டிக்கொண்டது. அதுவும் வலது இடுப்பில். காலையில் கட்டிலைவிட்டு இறங்கவே அரைமணி நேரம் ஆகும். குனிந்து சாக்ஸ் மாட்ட முடியாது. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டால் போச்சு, இடுப்பு பூட்டுப் போட்ட மாதிரி இறுகிவிடும்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பொண்ணு நல்ல விதமாகத்தான் சொல்லி அனுப்பியது. எழுவதற்கு முன்னால் படுத்தபடியே முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும், வெந்நீர்ப் பை வைக்க வேண்டும், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து வீட்டுக்குள்ளேயாவது நாலு நடை நடக்க வேண்டும். நான் கேட்டால்தானே! ஃபேக்டரியில் மூட்டையும் தூக்கின எனக்குக் காலை மடக்கச் சொல்லித் தருகிறதா என்று வழி முழுக்க என் மனைவியிடம் நக்கலடித்துக்கொண்டே வந்தேன். சூடு இருந்தால் இடுப்பு தானாக இளகும் என்பது என் கட்சி. சூட்டைப் பற்றி எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற திமிர் வேறு.

டிரையரில் எங்கே சூடு கசிந்தாலும் புறங்கையை வைத்தே கண்டுபிடித்து அடைப்பது என் வேலை. அதே மாதிரி வீட்டில் சுவர் சுவராகப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஜன்னல் சந்துகளில் மைதா பசை போட்டுப் பேப்பர் ஒட்டினேன். கூரைக்கும் சுவருக்கும் இடையில் பழைய துணியைத் திணித்தேன். கதவுக்கு அடியில் சுருட்டிய தேயிலைச் சாக்கு. இரண்டு நாள் வேலை.

“ஏனுங்க, இது ஊடா, டப்பாவா?” என்று கேட்டாள் மனைவி.

நான் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அவள் தினக்கூலிக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள். அந்த உறைபனி நாளில் அவளுக்குக் காய்ச்சல். கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு, முன்னறையில் ஜன்னலை ஒட்டின கட்டிலில் படுத்துவிட்டாள். அவளுக்கும் கதகதப்பு, என் இடுப்புக்கும் ஒத்தடம் என்று கணக்குப் போட்டு, வாசலில் ஒரு இரும்புச் சட்டி நிறைய கரியைப் பற்ற வைத்தேன். புகையெல்லாம் அடங்கிக் கரி சிவக்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். புகை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்றுதான் நினைத்தேன். சட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்து, காற்று கதவைத் தள்ளாமல் இருக்க மேல் தாழ்ப்பாளையும் போட்டு, முக்காலியில் வலது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தேன்.

அப்பப்பா, என்ன சுகம்! ஒரு மணி நேரம் எழவே இல்லை.

அப்புறம் தலை வலிக்க ஆரம்பித்தது. மத்தியானம் ஆச்சே, டீ குடிக்காத தலைவலி என்று நினைத்தேன். குமட்டியது. மனைவியை எழுப்பிக் கஞ்சி வேண்டுமா என்று கேட்கலாமே என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தூங்கட்டும் என்று விட்டேன். அவள் மூச்சு விடுகிற விதம் என்னமோ மாதிரி இருந்தது. ஒரு குறட்டை, பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, மறுபடி ஒரு குறட்டை. சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அசையவில்லை.

எழப் பார்த்தேன், முடியவில்லை. கால் பஞ்சு மாதிரி இருந்தது. பாழாய்ப்போன இடுப்பு, நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது என்று அதைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படி எத்தனை நிமிஷத்தை வீணாக்கினேனோ, தெரியாது.

திடீரென்று ஃபேக்டரியில் நடந்தது ஞாபகம் வந்தது. ஒருதரம் உலையின் புகைபோக்கிக் குழாயில் ஓட்டை விழுந்து, கூட வேலை செய்தவன் தலை சுற்றுகிறது, கால் நிற்கவில்லை என்றபடி அப்படியே சரிந்தான். அவனை வெளியே இழுத்துப் போட்டதே நான்தான். சூட்டை அடைக்கத் தெரிந்த எனக்கு, உலைக்குப் புகைபோக்கி எதற்கு என்பது மறந்து போயிருக்கிறது! எனக்கு வந்திருப்பது இடுப்பு வலி இல்லை. இரண்டு பேரும் செத்துக்கொண்டிருக்கிறோம்.

முக்காலியிலிருந்து வேண்டுமென்றே தரையில் விழுந்தேன். கதவு ஆறேழு அடி தூரம்தான் இருக்கும். முழங்கையை ஊன்றி, இடுப்பைப் பாரம் மாதிரி இழுத்துக்கொண்டு போனேன். மண்டியிட்டுக் கையை நீட்டினேன். தாழ்ப்பாள் இன்னும் ஒரு சாண் மேலே. நிமிர்ந்தால் எட்டிவிடும். இடுப்பு நிமிரவில்லை. இரண்டுதரம் முயற்சி செய்து இரண்டுதரமும் விழுந்தேன். கத்தினால் குரல் வரவில்லை. கடைசியில் கதவடியில் இருந்த சாக்கைப் பிடித்து இழுத்தேன். விரற்கடை இடைவெளி தெரிந்தது. அதில் சில்லென்று காற்று வந்தது.

மூக்கை அங்கே வைத்தேன். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அங்கிருந்து நகர எனக்கு மனசு வரவில்லை. பின்னால் அவளுடைய குறட்டை வரவில்லை என்பது காதில் விழுந்தும் நகரவில்லை.

மூன்றாவது மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பினேன். கட்டில்வரை தவழ்ந்தேன். அவள் தலைமாட்டில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதை ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து வீசினேன். சட்டத்தில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது. தேடி எடுத்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி வீசினேன். கண்ணாடி உடைந்தது. மேகமும் குளிரும் உள்ளே கொட்டின. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம்.

பக்கத்து வீட்டம்மா தோட்டத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் வந்திருக்கிறார். கண்ணாடி சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்து, தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் கதவை உடைத்து எங்களை வெளியே ஈரப் புல்லில் இழுத்துப் போட்டார்களாம். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான். அந்தக் கைகளுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

கரியில் வருகிற விஷவாயுவுக்குப் புகையும் கிடையாது, வாசமும் கிடையாது என்றார் டாக்டர். மலைமேல் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி யாராவது வருகிறார்களாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இந்த அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

ஆக்ஸிஜன் வைத்து, சாயங்காலம்தான் அவள் கண் திறந்தாள். நடந்ததைப் பக்கத்து வீட்டம்மா சொல்லக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “இந்த இடுப்ப வெச்சுக்கிட்டு எப்படிங்க வந்தீங்க?” என்றாள். நான் வார்டு என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒட்டின பேப்பரையெல்லாம் என் கையாலேயே கிழித்தேன். கரிச்சட்டி வாசலோடு சரி. அந்தப் பிசியோதெரபி பொண்ணு சொன்னதை இப்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி செய்கிறேன். படுக்கையிலேயே காலை மடக்கி நீட்டுவேன், வெந்நீர்ப் பை, கம்பளி பேன்ட், வெயில் வந்ததும் ரோடுவரை ஒரு நடை. பனிக் காலத்தில் இடுப்பு இன்னும் முரண்டு பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் முன்பு மாதிரி பூட்டிக்கொள்வதில்லை.

நடக்க முடியாத மனுஷன் தவழ்ந்துபோய்ப் பெண்டாட்டியைக் காப்பாற்றினார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவளும் பெருமையாக எல்லோரிடமும் சொல்வாள். கதவிடுக்கில் நான் எனக்காக மட்டும் இழுத்த அந்த இரண்டு மூச்சைப் பற்றி அவளிடம் இதுவரை சொன்னதில்லை. எதிரே உட்கார்ந்து சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். இதை முதலில் அவள் கையில்தான் கொடுக்கப் போகிறேன். படித்து முடித்துவிட்டு அவள் என்ன சொன்னாலும், அதைச் சொல்ல அவள் இருக்கிறாள் என்பதே எனக்குப் போதும்.