நெஞ்சில் கேட்ட தட்டல்

கோமு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விரல் முட்டுகள் வீங்கிச் சிவந்திருந்ததால் காம்பும் சேர்ந்து வந்தது. கல்லிடைக்குறிச்சியில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். அப்போது அவளிடம் படித்த நஃபீஸத்தான் இப்போது வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க வரும் நர்ஸ்.

நஃபீஸத் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

“என்ன மாமி, நாடி இப்படித் தாறுமாறா ஓடுது? எத்தன நாளா?”

“ஒரு மாசமா. அவர் தட்டறார்டி.”

கணவர் விஸ்வேஸ்வரன் இறந்து மூன்று வருஷம். விடிகாலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார்: இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு அவசரமாக மூன்று. நெஞ்சு இப்போது அப்படித்தான் அடித்தது. இரண்டு தடவை எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கியும் பார்த்துவிட்டாள்.

“மாமா தட்டட்டும். முட்டு வீக்கத்துக்குத் தந்த மருந்த முழுங்குதியளா?”

கோமு கீரையைப் பார்த்தபடி சொன்னாள். அந்தக் கேப்ஸ்யூலின் மேல்கூடு மாட்டு எலும்பிலிருந்து செய்வது என்று எதிர்வீட்டு ஹம்ஸினி சொன்னாள். அவருடைய திவசம் வரும் மாதத்தில் அதை எப்படி வாயில் போடுவது? நிறுத்திவிட்டாள்.

“நல்லா ஆசாரம் பாத்திய, போங்க! கெளம்புங்க.”

அம்பாசமுத்திரத்தில் டாக்டர் இசிஜி தாளைப் பார்த்தார். “வீக்கம் விரலோட நிக்காதும்மா. அடங்காம கெடந்தா இதயத்தையும் பாதிக்கலாம். மேல் அறை சுருங்காம நடுங்குது. அங்க ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம்.” கூடு இல்லாத மாத்திரையாக மாற்றித் தந்தார். ரத்தம் உறையாதிருக்க இன்னொன்று.

திரும்பும் பஸ்ஸில் கோமு கேட்டாள்: “இதப் போட்டுண்டா தட்டறது நின்னுடுமோ?”

“நிக்கணும்னுதான மாமி தந்திருக்காவ.”

“அதான் கேட்டேன்.”

நஃபீஸத் டிக்கெட்டை மடித்தாள். “பக்கவாதம் வந்து கெடந்தா, மாமா நெசமாவே தட்டுனாலும் எந்திரிச்சுத் தொறக்க முடியாது, பாத்துக்கிடுங்க.”

“போடி வாயாடி.” கோமுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆற்றுப் பாலம் தாண்டும்வரை நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தட்டல் கேட்டது. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வாசல் கதவைத் திறந்துவைத்தாள். பல் தேய்த்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, இரண்டு மாத்திரைகளையும் விழுங்கினாள்.