பையிலிருந்து நான் எடுத்த மாத்திரை

காரைக்கால் பக்கம் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. என் கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருந்தபோது தவறாமல் மாத்திரை போட்டார். தடை முடியும் சமயம் பார்த்ததில் பிரஷர் நார்மல் என்றார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படகு கிளம்பும் அன்று மாத்திரை அட்டையை அவர் பையில் வைத்தார். நான்தான் வெளியே எடுத்தேன். "அதான் சரியாயிடுச்சுல்ல, கடல்ல எதுக்குங்க? நனைஞ்சு வீணாப் போயிடும். வந்து பாத்துக்கலாம்" என்றேன். அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டை வறுத்து அந்த இடத்தில் வைத்தேன்.

நான்காம் நாள் காலை வலை இழுக்கும்போது அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாயும் கோணிவிட்டது. உடனே படகைத் திருப்பியும் கரை சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"போன வாரம் நார்மலாத்தானே சார் இருந்துச்சு?" என்று டாக்டரிடம் அழுதேன்.

"மாத்திரை போட்டதாலதாம்மா நார்மலா இருந்துச்சு" என்றார்.

இப்போது நடக்கிறார். வலை பிடிக்கக் கை வரவில்லை. கருவாட்டை நிறுத்திவிட்டேன், குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டேன். டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடுவதில்லை. நானும் பரிசோதித்துக்கொண்டேன், எனக்கும் பிரஷர் இருக்கிறதாம். தினமும் காலையில் என் மாத்திரையை அவர்தான் இடது கையால் எடுத்துத் தருகிறார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.