டீட்ஸ் நீதிபதி காத்திருந்த வழக்கு

எமில் டீட்ஸ் நீதிபதி எங்கள் கடையில் காசு கொடுக்கும்போது நோட்டின் மதிப்பை வாய்விட்டுச் சொல்லித்தான் கொடுப்பார். "இது அஞ்சு டாலர், டேல்." என் கணவர் டேலுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. மத்திய அரசின் பெடரல் நீதிமன்றக் கட்டிடங்களில் காபிக் கடையைப் பார்வையில்லாதவர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். அப்படித்தான் எங்களுக்கும் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில், இடம் கிடைத்தது. வக்கீல், காவலர், கைதியின் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் நோட்டைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். டாலர் நோட்டெல்லாம் ஒரே அளவு, தடவிப் பார்த்தால் தெரியாது; டேல் நம்பி வாங்கிக்கொள்வார்.

"நீங்க சொன்னா அதுக்கு அப்பீல் கிடையாது ஜட்ஜய்யா," என்று வம்புக்கு இழுப்பார் டேல். "உங்களை யாரும் வேலையை விட்டு எடுக்கவும் முடியாதாமே? சாகற வரைக்கும் நாற்காலி உங்களுதுதானாமே?"

"ஆமாம்ப்பா. எங்க வீட்டம்மாகூட எனக்கு அவ்வளவு உறுதி கொடுக்கலை."

சிரித்துக்கொண்டே காபியை எடுத்துக்கொண்டு படியேறுவார். மின்தூக்கி இருந்தும் ஏற மாட்டார்.

அவர் எங்கள் மான்டானா பள்ளத்தாக்குக்காரர். சர்க்கரை ஆலைக்கு பீட் கிழங்கு பயிரிட்ட ஜெர்மன் குடும்பம். அவர்களுடைய வயலில்தான் என் அப்பா கிழங்குக்குக் களை வெட்டினார். நானும் பள்ளிக்கூடம் போகாமல் வெட்டினேன். அதை அவர் என்னிடம் மறைத்துப் பேசியதே இல்லை. "எல்வி, உங்க அப்பா வெட்டின வரிசையில ஒரு புல்லு நிக்காது," என்பார். மிசூலாவில் சட்டம் படித்து, அரசு வக்கீலாக இருந்து, பிறகு ஜனாதிபதியின் கையெழுத்தோடு நீதிபதியானவர். கறுப்பு அங்கி போட்ட முதல் நாள், அவருடைய அம்மா முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் வைத்துச் சுட்ட ரொட்டியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அந்தக் கட்டிடம் முழுவதும் பங்கிட்டார்கள். எங்களுக்கும் மிச்சம் வந்தது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவருக்கு நேர் பின்வரிசை எங்களுடையது. ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி முதலில் டேலின் கையைத்தான் தேடிப் பிடிப்பார்.

வழக்குகளைப் பற்றி எங்களிடம் அவர் பேசியது கிடையாது. ட்ரினாவுக்குத் தீர்ப்பு சொன்ன அன்று மட்டும் பேசினார். அது இரண்டாயிரத்து நாலில்.

ட்ரினாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. கூட வாழ்ந்தவன் போதைத்தூள் விற்றான். இவள் அவனுக்காகக் காரோட்டினாள். முன்னமே இரண்டு முறை சின்ன அளவில் பிடிபட்டிருந்தாள். மூன்றாவது முறை என்றால் சாகும்வரை சிறை என்று அன்றைக்குச் சட்டம். அவளுடைய அம்மா பெவ், ட்ரினாவின் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு நேரத்தில் நானும் அவளோடு மேலே போனேன்.

நீதிபதி காகிதத்தைப் பார்க்காமல் ட்ரினாவைப் பார்த்தே சொன்னார். "அம்மா, இது நியாயமில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா என் கையில ஒண்ணுமில்லை. சட்டம் எனக்கு வேற வழி வைக்கலை." பிறகு ஆயுள் தண்டனை என்றார். பெவ் குழந்தையின் காதைப் பொத்தினாள்.

அன்று சாயங்காலம் அவர் கடைக்கு வந்து, காபி கேட்காமல் நின்றார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே ஜட்ஜய்யா," என்றார் டேல்.

"சொல்லியிருந்தா மேல்கோர்ட்டு எனக்கே திருப்பி அனுப்பும். இல்லே இன்னொருத்தர் கையால அதே தண்டனை."

"அப்போ வேலையை விட்டுடுங்க."

"விட்டா அவ வெளிய வந்துடுவாளா?" கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டார். "சட்டம் ஒருநாள் மாறும், டேல். மாறினா பழைய வழக்கு, தீர்ப்பு சொன்ன ஆளு மேஜைக்குத்தான் திரும்பி வரும். அன்னிக்கு நான் அந்த நாற்காலியில இருக்கணும். வேற யாருக்கு அவ முகம் ஞாபகம் இருக்கப் போவுது?"

அப்படித்தான் அவர் காத்திருக்க ஆரம்பித்தார். அறுபத்தைந்து வயதானதும் முழுச் சம்பளத்தோடு வீட்டில் உட்காரலாம். அவருடைய மனைவி மரியன், அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் வீடுகூடப் பார்த்துவைத்தார்கள். அந்த அம்மாவுக்கு நெஞ்சுச் சளி. எங்கள் ஊர்க் குளிர் ஆகாது. ஒருநாள் ஆலய மண்டபத்தில் டோனட் தின்றுகொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்கள்: "இவர் கோர்ட்டுல இன்னொருத்தி இருக்கா எல்வி. அவளை விட்டுட்டு வர மாட்டாராம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். இரண்டு குளிர்காலம் கழித்து மரியனை அடக்கம் செய்தோம். அரிசோனா வீடு விற்றுப்போனது.

வருஷா வருஷம் பெவ் கருணை மனு போடுவாள். நீதிபதியும் தன் பங்குக்கு எழுதுவார். ஒரு ஜனாதிபதி போய் இன்னொருவர் வந்தார். பதில் வராது, வந்தால் இல்லை என்று வரும். ட்ரினாவின் மகள் வளர்ந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். ட்ரினாவுக்குச் சிறையில் சிறுநீரகம் கெட்டுப்போனது. நான் ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் ஒரு பத்து மணி அவளுக்கு உருட்டுவேன், ஒரு பத்து மணி அவருக்கு.

தீர்ப்பு சொல்லிப் பதினாலு வருஷம் கழித்துச் சட்டம் மாறியேவிட்டது. நோயாளிக் கைதிகள் நேரடியாக மனுப் போடலாம், தண்டனை சொன்ன நீதிமன்றமே அதைக் குறைக்கலாம் என்று வந்தது. செய்தி வந்த அன்று நீதிபதி மாடிப்படியிலிருந்து கிட்டத்தட்ட ஓடிவந்தார். எழுபத்திரண்டு வயதில்! "டேல், வந்துடுச்சுப்பா!" என்று கவுண்டரைத் தட்டினார். அன்று கடையிலிருந்த அத்தனை பேருக்கும் அவர் செலவில் சினமன் ரோல்.

விசாரணையை மே கடைசி வாரத்துக்கு வைத்தார்கள். இடையில் ஒருநாள் காலை அவர் காபி வாங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"குட்மார்னிங் டேல். இன்னிக்கு முதல் காபி. இது அஞ்சு."

டேல் வாங்கிக்கொண்டு காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, "எல்வி, எந்த நோட்டு இது?" என்றார்.

நூறு டாலர் நோட்டு.

அவருடைய நீதிமன்ற எழுத்தர் கானியிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியும்க்கா. ஒரே உத்தரவை ரெண்டு தரம் எழுதச் சொல்றார். வீட்டு வழி கேக்கறார். ஆனா அவர்கிட்ட யார் சொல்றது? சொன்னா மனுவை வேற ஜட்ஜுக்கு மாத்திடுவாங்க. இந்த ஒண்ணு முடியட்டும். ஒரே ஒரு காலைதானே?"

பெவ் கடைக்கு வந்தபோது, "அவர் நல்லாருக்காரில்ல?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருக்கார் என்றேன். அன்று அவர் நன்றாகத்தான் இருந்தார். சில நாட்கள் அப்படி இருப்பார். அந்த ஒரு காலையும் அப்படி இருக்க வேண்டுமென்று புனித அந்தோணியாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விசாரணையன்று கடையைப் பூட்டிவிட்டு டேலைக் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். சிறையிலிருந்து ட்ரினாவைத் திரையில் காட்டினார்கள். நாற்பது தாண்டிய பெண், முகம் வீங்கியிருந்தாள். நீதிபதி அங்கியோடு வந்து உட்கார்ந்தார். வக்கீல்கள் பேசினார்கள். அவர் தலையாட்டிக் கேட்டார், நடுவில் ஒரு நல்ல கேள்விகூடக் கேட்டார். பெவ் என் முழங்கையை அழுத்தினாள்.

பிறகு அவர் திரையை நிமிர்ந்து பார்த்தார். ட்ரினா அழுதுகொண்டிருந்தாள். அவர் முகம் மாறியது.

"அம்மா," என்றார், "இது நியாயமில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா என் கையில ஒண்ணுமில்லை. சட்டம் எனக்கு வேற வழி வைக்கலை."

கானி எழுந்து, "ஜட்ஜ், இன்னிக்கு அது இல்ல ஜட்ஜ்," என்று கிட்டே போனாள். அவர் அவளைக் கையால் அமர்த்திவிட்டு, பழைய வரி ஒன்றுகூட விடாமல், ஆயுள் தண்டனை என்று முடித்தார். அத்தனை வருஷம் மனதுக்குள் சொல்லிச் சொல்லி வருந்திய வார்த்தைகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. மாறிய சட்டம்தான் நிற்கவில்லை. டேல் என் கையை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

அரசு வக்கீல் மெதுவாக எழுந்து, விசாரணையைத் தள்ளிவைக்கும்படி கேட்டார்.

மனு வேறொரு நீதிபதிக்குப் போனது. இளையவர், வெளியூர்க்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. காகிதங்களைப் படித்தார். நோய்க்குச் சிறையிலேயே வைத்தியம் கிடைக்கிறது, முன்பே இரண்டு குற்றம் இருக்கிறது என்று எழுதி மறுத்துவிட்டார். மறுபடி முயல்வதற்குள் ட்ரினா சிறை ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பெவ் அதற்குப் பிறகு எங்கள் கட்டிடத்துக்கு வரவில்லை.

டீட்ஸ் நீதிபதியை அதன்பின் யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் மேஜைக்கு வழக்கு எதுவும் வரவில்லை. பிறகு மரியனின் தங்கை மகன் வந்து முதியோர் இல்லத்தில் சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்து வண்டி அவரைப் பூசைக்குக் கொண்டுவரும். எங்களுக்கு முன்வரிசையிலேயே உட்கார்வார். சமாதானம் சொல்லும்போது இன்னமும் திரும்பி டேலின் கையைத் தேடுவார். பிறகு என்னைப் பார்ப்பார்.

"எல்வி, சட்டம் மாறிடுச்சா?"

முதல் தடவை உண்மையைச் சொன்னேன். உடனே எழுந்து, "அங்கி எங்கே? அந்தப் பொண்ணு காத்திருக்கா," என்று பீடத்தைப் பார்த்து நடந்துபோனார். இரண்டு பேர் பிடித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. பூசை முடியும்வரை அழுதார்.

இப்போது, "இன்னும் இல்ல ஜட்ஜய்யா," என்கிறேன்.

"பரவாயில்ல. நான் இருக்கேன்," என்று திரும்பி உட்கார்ந்துகொள்கிறார்.