வினிகரில் போட்ட ஏழு காசு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். வழி தெரிந்த யாராவது இதைப் படிக்க மாட்டார்களா என்றுதான், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பைத்தியம், பழைய இஸ்லாமியச் செப்புக் காசு. மெஷின் வராத காலத்துக் காசு. செப்புத் துண்டை அச்சில் வைத்து, சம்மட்டியால் ஓங்கி ஒரு போடு. அவ்வளவுதான். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. மேலே ஏறிய பச்சைக் களிம்பை எண்ணெயில் ஊறப்போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்துதான் எடுக்க வேண்டும். வினிகரில் மட்டும் போடவே கூடாது. காசின் தோலே உரிந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைத்தான் செய்தேன். பழைய சாமான் கடைக்காரரிடம் வாங்கிய ஏழு காசு. எந்த வருடத்துக் காசு என்று உடனே யாரிடமாவது காட்டிக் கேட்டாக வேண்டும் எனக்கு. என் அவசரபுத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மதியம் 2.40. சமையலறையில் ஒரு கிண்ணம் வினிகர், ஒரு கை உப்பு. ஏழையும் போட்டேன். முதல் காசில் களிம்பு கரைந்து, சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்த்தது.

ணங்...

சம்மட்டிச் சத்தம். பட்டறைக்காரனுக்கா தெரியாது? அதே நொடி, உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்த என் ஆறு வயது மகள் வீறிட்டாள்.

ஓடினேன். அவள் உள்ளங்கையில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம். அதற்குள் எழுத்து.

"உங்க காசைக் கையில வச்சுக்கிட்டே தூங்கியிருப்பா. அதான் பதிஞ்சிருக்கு," என்றாள் மனைவி.

நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். லென்ஸ் வைத்துப் பார்க்கும் வரை. எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் என் காசுகளில் வருடக்கணக்கில் பார்த்துப் பழகிய எழுத்து. காசை அழுத்தினால் அது இடம் வலம் மாறித்தான் பதியும். இது நேராக இருந்தது. அச்சு வைத்து அடித்தால்தான் நேராக விழும்.

2.52. ணங்... மணிக்கட்டில் ஒன்று.

"அப்பா... யாரோ அடிக்கிறாங்கப்பா..."

அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

2.58. ணங்... முழங்கை.

3.01. ணங்... தோள்.

அடுத்தது நெஞ்சு. அப்போதுதான் கிண்ணம் ஞாபகம் வந்தது.

பாய்ந்தேன். நாலு காசு சிவந்திருந்தது. மூன்று இன்னும் பச்சை. ஐந்தாவதின் ஓரம் கரைய ஆரம்பித்திருந்தது...

அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். குழாயைத் திறந்தேன். கை போட்டுப் பொறுக்கினேன்.

ஆறு.

ஆறுதான்.

ஓரம் கரைய ஆரம்பித்த அந்த ஒன்று தொட்டி ஓட்டைக்குள் வழுக்கிப் போனது. விரலை விட்டேன். எட்டவில்லை.

3.04... 3.05...

சத்தம் வரவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

பிளம்பர் வந்து குழாய் முழுவதையும் கழற்றிப் பார்த்தார். காசு இல்லை. ஒரு வாரத்தில் நாலு தடமும் மறைந்தன. தடங்களை நான் எடுத்து வைத்திருந்த போட்டோக்களையும் மிச்சமிருந்த ஆறு காசையும், பழைய எழுத்து படிக்கத் தெரிந்த வாத்தியார் நண்பரிடம் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உங்க காசெல்லாம் ஐநூறு வருஷத்துக்கு முந்தினது. ஆனா பாப்பா கையில இருக்கிறது இஸ்லாமிய ஹிஜ்ரி கணக்குல இந்த வருஷம். நாலுலயும்."

நேற்றுக் காலை மகளைக் குளிப்பாட்டும்போது மனைவி என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை. மகளின் நெஞ்சில், இடது பக்கம், லேசாக ஒரு வட்டம். வலி இல்லை என்கிறாள். சத்தமும் கேட்கவில்லை. எழுத்து நேராக இருக்கிறது. நேற்றைவிட இன்று சிவப்பு கூடியிருக்கிறது.

அந்தப் போட்டோவையும் வாத்தியாருக்கு அனுப்பினேன். பார்த்ததும் அவர் நேரிலேயே வந்துவிட்டார்.

அதில் இருப்பது அடுத்த ஹிஜ்ரி வருடம். அது பிறக்க இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.